சாடை காட்டினோமாம்

காணும் பொங்கலுக்கு எங்க தெருவுல 'முன்னூத்தி நாலு'ங்கற சீட்டாட்டத்துக்குப் போட்டி வெச்சாங்க. ரம்மின்னா ஊருக்கே தெரியும், கழுதைன்னா கொழந்தைங்களுக்கும் தெரியும். முன்னூத்தி நாலு அப்படி இல்ல. எதிரெதிர்ல உக்காந்தவங்க ஜோடி. மத்த சீட்டையெல்லாம் வெட்டற ஜாதிதான் துருப்பு; அதைக் கேட்டவங்க அந்தச் சீட்டைக் கவுத்து வெச்சிடணும், ஜோடிக்குக்கூட இன்னான்னு தெரியக் கூடாது. ராஜா ராணியெல்லாம் இதுல சும்மா, ஜாக்கிதான் பெரிய சீட்டு.

பேர் குடுக்கப் போனா, விழாக்குழுத் தலைவர் பக்தவச்சலம் "கோலப்போட்டி அந்தப் பக்கம்மா"ங்கறார்.

"கோலம் வூட்லயே போட்டுட்டுத்தான் வந்தேன். ஷோபனா, சுலோச்சனான்னு எழுதிக்கோங்க"ன்னேன்.

சுலோச்சனா என் நாத்தனார். நாங்க பேசி மூணு வருஷம் ஆவுது. அவ பொண்ணு காதுகுத்துக்கு என்னை முறையா கூப்பிடல, எனக்கும் ரோஷம் இருக்கு. ஆனா எங்க தெருப் பொம்பளைங்கள்ல இந்த ஆட்டம் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான். சாவு வூட்ல ஆம்பளைங்க ஆடிகினு இருக்கும்போது பின்னால நின்னு கத்துக்கினது. பக்கத்து வூட்டுப் பொண்ணை வுட்டுக் கேட்டேன், சரின்னுட்டா.

ஆறு ஜோடில நாங்க கடைசி வரைக்கும் வந்துட்டோம். எங்களை எதுத்து ஆடின ஜோடி ஜெகநாதனும் அவன் மச்சான் பாலமுருகனும். அவங்களையும் ஜெயிச்சோம். ஜெகநாதன் சீட்டை வீசிட்டு எழுந்தான்.

"சாடை காட்றாங்க. இந்தம்மா மூக்குத்தியைத் தொட்டா இஸ்பேட்டு. நான் பார்த்துகினுதான் இருந்தேன்."

பக்தவச்சலம் விசாரிக்கவே இல்ல. மைக்கைப் புடிச்சு, "கள்ள ஆட்டம் ஆடினதால பெண்கள் ஜோடிக்குக் கப்பு கிடையாது"ன்னுட்டார். மூணு தெருவுக்குக் கேட்டுச்சு. கப்பு போனாப் போவுது, நாளைக்குக் காய்கறி வாங்கப் போனா என்னைத் திருடின்னு இல்ல பார்ப்பாங்க?

"மூணு வருஷமா மூஞ்சியே பார்த்துக்காதவங்க சாடை காட்டுவோமா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, பக்தவச்சலம் மசியல. "சரி, ஜோடியை மாத்துங்க. ஜெகநாதன் எனக்கு ஜோடியா என் எதிர்ல உக்காரட்டும், பாலமுருகன் அவ எதிர்ல. இன்னும் ஒரு ஆட்டம். யாருக்கு யாரு சாடை காட்றாங்கன்னு ஊரே பார்க்கட்டும்."

பயமான்னு யாரோ கேட்டதும் ஜெகநாதன் உக்காந்துட்டான்.

இந்தத் தடவை துருப்பு கேட்டது நான், சீட்டைக் கவுத்து வெச்சேன். ஜெகநாதன் அவசரக்குடுக்கை. மொதல்லயே ஆட்டின் ஜாக்கியை எறக்கினான். சுலோச்சனா கையில ஆட்டினே இல்ல. துருப்பைத் தெறக்கச் சொல்லி, துருப்புல வெறும் ஏழாம் நம்பர் சீட்டைப் போட்டு அவன் ஜாக்கியை வெட்டினா. அங்க சரிஞ்சது, நானும் ஜெகநாதனும் தோத்துட்டோம். தோத்துட்டு நான் சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

ஜெகநாதன் தலையில அடிச்சுகினான். "ஏம்மா, துருப்பு இன்னான்னு கொஞ்சம் கண்ணைக் காட்டியிருந்தா ஜெயிச்சிருப்போம்ல?"

சொன்னப்புறம்தான் அவனுக்கே ஒறைச்சுது. பாலமுருகன் தலையைத் தொங்கப் போட்டுகினான். பக்தவச்சலம் அவசரமா கப்பை எடுத்து என் கிட்ட நீட்டினார்.

"இந்தாம்மா, எடுத்துகினு போங்க. பெருசு பண்ணாதீங்க."

நான் கையை நீட்டல. "கள்ள ஆட்டம்னு மைக்குல சொன்னீங்க. இல்லைன்னும் மைக்குலயே சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

அதுக்குள்ள சுலோச்சனா மைக்கை எடுத்துகினு வந்து என் பக்கத்துல நின்னா. அவர் வாய் கிட்ட புடிச்சா.

"அண்ணி பேரை மொதல்ல சொல்லுங்க"ன்னா.