கசப்புக் கிழங்கும் பெரிய கிராணியும்

தனக்குத் தெரியாத விஷயமே மலாயாவின் கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கிடையாது என்று பெரிய கிராணி சிதம்பரநாதன் அடிக்கடி சொல்லிக்கொள்வார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தோட்டத்துத் தலைமைக் கணக்கர். வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் வளைந்து கிடக்கும் முதுகு, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ரப்பர் மரத்துக்கு நோய் வந்தால் தூங்கமாட்டார். மனிதனுக்கு வந்தால் சோம்பல் என்பார்.

1926 கடைசியில் வந்த பெருவெள்ளத்தில் பாதை அறுந்தது. அரிசி லோரி வரவில்லை. லயத்தில் பானைகள் காய்ந்து கிடந்தபோது கிராணிக்கு ஒரு யோசனை பிறந்தது. தோட்டத்து எல்லையில் மரவள்ளி முற்றி நின்றது. மாவு ஆலைக்காரச் சீனரிடம் குச்சி வாங்கி கிராணியே நடச்சொன்னது. காட்டுப்பன்றி அதைத் தொடுவதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஐயா, அது கசப்பு ஜாதிங்க. மாவுக்குத்தான் ஆகும், சும்மா திங்கக்கூடாதுன்னு ஆலக்காரரு அன்னிக்கே சொன்னாரே."

"பன்றிக்கு நாக்கு இருக்கு. உந்தச் சனத்துக்கு என்ன இருக்கு? குடுத்ததைத் தின்னும். போய்ப் பங்கு போடு."

பங்கு போட்டார்கள். முதலில் அடுப்பு மூட்டியவள் கலாவதி. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் விதவை. முந்தின நாள் தண்ணீர்க் குழாயடியில் அண்டைவீட்டு லெட்சுமியோடு சண்டை. இருவர் குரலும் லயம் முழுக்கக் கேட்டிருந்தது. சமாதானமாகப் போகலாம் என்று கிழங்கைத் தணலில் சுட்டு, லெட்சுமிக்கும் அவள் புருஷன் உடையப்பனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை விரதம். அவள் வாயில் வைக்கவில்லை. பசியில் கசப்பைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் இருவரும் மூச்சுக்குத் தவித்து விழுந்தார்கள்.

வெள்ளத்துக்குப் பின் பரவிய காய்ச்சலைப் பார்க்க டாக்டர் காப்ரியல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தார். அவரிடம் தூக்கி வருவதற்குள் லெட்சுமியின் உயிர் போய்விட்டது. உடையப்பனுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஆஸ்பத்திரித் தூணில் கலாவதியின் கைகளைக் கட்டிப்போட்டிருந்தார் கிராணி.

"உவள்தான் விஷம் வைச்சவள். நேற்றுச் சண்டை, இண்டைக்குச் சாப்பாடு. தான் தின்னேல்லை. பொலிசுக்கு ஆள் அனுப்பியாச்சு."

"கெழங்குதானுங்க குடுத்தேன்! சாமி சத்தியமா!" என்று கலாவதி கதறினாள்.

டாக்டர் உடையப்பனின் கையில் ஊசி போட்டு இரத்தம் இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதப் பாருங்க. கையிலேருந்து திரும்புற ரத்தம் கறுத்திருக்கணும். இது பளிச்சுன்னு செவந்திருக்கு."

"சிவந்திருந்தால் நல்ல சுகமெண்டுதானே அர்த்தம்? குடிச்சுப்போட்டு நடிக்கிறான்."

"இப்பத்தான் விஷம்னீங்க."

கிராணி கலாவதி பக்கம் திரும்பிக் கட்டைச் சரிபார்த்தார்.

டாக்டர் உடையப்பனின் மார்பை அழுத்தி மூச்சு ஊட்டிக்கொண்டே பேசினார். "மூச்சு நெஞ்சோட முடியறதில்ல. ரத்தம் காத்தச் சுமந்துகிட்டுப் போகுது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் இரும்பு கலந்த பொருள் இருக்கு. அதுதான் அந்தக் காத்த வாங்கிச் செலவழிக்கும். அந்தக் குடும்பத்துல ஒண்ணுக்குச் சைட்டோகுரோம்னு போன வருஷம்தான் இங்கிலாந்துல பேரு வெச்சாங்க. இந்த விஷம் உள்ள போய் இரும்பப் பிடிச்சுக்குது. வாங்க ஆளில்லாம காத்து ரத்தத்தோடயே திரும்பி வருது. அதான் செவப்பு. நெஞ்சு நெறையக் காத்து, உள்ள பட்டினி. கசப்பு மரவள்ளியில இருக்கிறது இந்த விஷம்தான்."

"நீங்கள் புத்தகம் படிச்சனீங்கள். நான் தோட்டம் நடத்திறன்."

டாக்டர் கண்ணால் தரையைக் காட்டினார். உடையப்பனோடு வந்த பாதிக் கிழங்கு அங்கே கிடந்தது. "நல்ல கெழங்குன்னா ஒரு கடி கடிங்க."

கிராணி பின்வாங்கினார். "கூலி தின்னுறதை நான் ஏன் தின்ன வேணும்?"

"ஆலக்காரரு சொன்னாருங்க!" உடையப்பனைத் தூக்கி வந்த நல்லசாமி குறுக்கே வந்தான். "திங்கக்கூடாதுன்னு ஐயாகிட்டயே சொன்னாருங்க. இப்ப எல்லா வீட்லயும் வேகுது."

"நின்னுகிட்டு என்னடா பாக்கற? ஓடு!" என்று டாக்டர் கத்தினார்.

மண்டோர் லயம் லயமாக ஓடிப் பானைகளைக் கவிழ்த்தான். பசித்த பிள்ளைகள் அழுதன. ஆனால் வேறு ஒருவரும் சாகவில்லை. பொழுது சாயும்போது உடையப்பன் கண் திறந்தான்.

டாக்டரின் பேச்சைக் கேட்ட போலீஸ்காரர் கலாவதியின் கட்டை அவிழ்த்துவிட்டார். துரையின் விசாரணையில் கிராணி வெள்ளத்தைக் குற்றம் சொன்னார், மண்டோரைச் சொன்னார், சமைக்கத் தெரியாத சனத்தைச் சொன்னார். நல்லசாமிக்கு வேலை போனது. கிராணிக்குக் கோலசிலாங்கூர்ப் பக்கம் இதைவிடப் பெரிய தோட்டம் கிடைத்தது.

அவர் புறப்பட்ட நாளில் பூமாலை போட யாரும் வரவில்லை. உடையப்பன் மட்டும் காரருகே வந்து, அவருடைய மின்னிய சப்பாத்துக்குப் பக்கத்தில் காறித் துப்பினான்.

"மரியாதை தெரியாத சாதி," என்று சொல்லிக் கதவை அடைத்தார் கிராணி.

கலாவதி மேல் பிழையில்லை என்பது உடையப்பனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அடுத்த மாதமே அவள் கம்போங் குவாந்தான் பக்கம் வேலை தேடிப் போய்விட்டாள்.

புதிய தோட்டத்தில், விஷம் வைத்த ஒருத்தியிடமிருந்து ஒரு லயத்தையே காப்பாற்றிய கதையைக் கிராணி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அவர் கையால் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே.