இத்தாலியன் கால்

எங்கள் பட்டறையில் இத்தாலியன் என்றால் ஒரு கால். சோபாவின் கால் வளைந்து, நுனி சுருண்டு, மேலே தங்கப் பெயின்ட் அடித்திருந்தால் அது இத்தாலியன். நேராக நின்றால் சாதா. இந்தப் பெயரை வைத்தது நாங்கள் இல்லை, மேனேஜர் சேதுராமன். காலையில் வந்ததும் இன்றைக்கு இத்தாலியன் இத்தனை, சாதா இத்தனை என்பார். நாடு, மொழி, மண்ணாங்கட்டி எதுவும் அவர் வாயில் வந்ததே இல்லை.

அந்தக் காலைச் செதுக்க பட்டறையில் ஒரே ஆள்தான், பழனிச்சாமி. தாராபுரம் பக்கம். அரபு நாட்டில் இந்த அல் கூஸுக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. ஊரில் தங்கைக்கு நிச்சயம் முடிந்திருந்தது. இந்த வேலையை நம்பித்தான் அந்தக் கல்யாணமே. நான் ஞானசிங், குளச்சல்காரன், குஷன் அடிக்கிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப் முழுக்கத் தெரியும்.

ஷோரூமில் சேதுராமன் விடுகிற கதை வேறு என்பது ஒருநாள் தெரிந்துபோனது. சாமான் இத்தாலியிலிருந்து கப்பலில் வருகிறது என்று ஓர் அரபு அம்மாவிடம் அளந்திருக்கிறார். ஆர்டர் கொடுத்தும் கப்பலைக் காணோமே என்று அந்த அம்மா நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். பழனிச்சாமி மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து கால் செதுக்கிக்கொண்டிருந்தான். அதைக் காட்டி இத்தாலியனா என்று கேட்டார். அவனுக்கு ஒரே பெருமை. நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"யெஸ் மேடம், இத்தாலியன். ஐ மேக்."

அந்த அம்மா, பின்னாலேயே ஓடிவந்த சேதுராமனை ஏற இறங்கப் பார்த்தார். ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பொய் சொன்னவனை விட்டுவிட்டு உண்மை சொன்னவனைப் பிடித்தார்கள். விசா கேன்சல், ஊருக்குக் கிளம்பு என்று எகிறினார் சேதுராமன். என்ன தப்பு செய்தோம் என்றே பழனிச்சாமிக்குப் புரியவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்ணா, இத்தாலின்னு ஒரு ஊரே இருக்குதுங்களா?"

நான் ஆபீஸுக்குள் நுழைந்து கத்தினேன். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்ததே நீர்தானே, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவனை ஊருக்கு அனுப்புவீரா என்று கேட்டேன். கலாஸ், பேச்சு முடிந்தது, போய் டியூட்டியைப் பார் என்றார். அந்த வாரமே அவனைப் பிளேன் ஏற்றிவிட்டார்கள். தங்கையின் கல்யாணம் நின்றுபோனது. போனில் அதைச் சொல்லிவிட்டு, பரவாயில்லை என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த மாதம் ஏதோ ஒரு ஹோட்டலிலிருந்து பெரிய ஆர்டர். சேதுராமன் கைகளைத் தேய்த்துக்கொண்டே பட்டறைக்கு வந்தார். நாற்காலி எல்லாமே இத்தாலியன் வேண்டும், யார் செய்வீர்கள் என்றார். மற்ற தச்சர்கள் சாதா கால்களை இழைக்கத் திரும்பிக்கொண்டார்கள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"இத்தாலிக்காரன் மாஃபி, இப்ப இல்ல. இங்க இருந்தது ஒருத்தன்தான் சாரே. அவனத்தான் நீரு தாராபுரத்துக்கு ஏத்தி விட்டீரே."