அட்டைக் குழாய்க்குள் ஏறிய சுண்டெலிகள்

1

“வெள்ள எலி பயந்தாங்கொள்ளியாவே பொறக்குதா, இல்ல நாமதான் அப்பிடி ஆக்கிடுறோமா?”

மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் சிறிய தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பில் ஏழு வயது ஹாட்டி இதைக் கேட்டாள். நான் நோவாவின் பேழைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் நான் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலி இரத்தத்தில் பதற்ற ஹார்மோனை அளப்பவள் என்பது அவளுக்குத் தெரியும்.

“பொறக்குறதே அப்பிடித்தான். அடுத்த வாரம் படம் காட்டுறேன்” என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: ‘பனி கொட்டிய ஒரு காலையில், மாபெரும் விஞ்ஞானி எல்வுட் தர்ஸ்டன்…’

(அடித்துவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் எல்வுட், ஓய்வு நாட்களில் அண்ணனின் படகில் சிங்கி இறால் கூண்டு இழுப்பவர். ‘மாபெரும்’ என்று எழுதினால் ஒரு மாதம் என்னோடு பேசமாட்டார்.)

அவருடைய ஆய்வு இதுதான். கறுப்பு எலி ஒரு வம்சம், வெள்ளை எலி இன்னொரு வம்சம். ஒரே தீனி, ஒரே வெளிச்சம், ஒரே மாதிரிக் கூண்டு. பத்து நிமிடம் அசையவிடாமல் வைத்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால், வெள்ளைக்கு ஹார்மோன் இரண்டு மடங்கு ஏறுகிறது. வேறெதுவும் மாறாததால் காரணம் மரபணுதான் என்பது அவர் முடிவு. பதினோரு மாத உழைப்பு. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

3

கூண்டு மாற்றும் வெர்னா பீல் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவளை வாசகர் நம்புவாரா? அதனால், பிறர் வைத்த டோனட்டை எடுத்துத் தின்பவள் என்று சேர்த்தேன். (அதுவும் உண்மைதான்.)

புதன்கிழமை காபி அறையில் அவள் எல்வுட்டின் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லணும், எல்வுட். கோவிச்சுக்காத.”

“என் டோனட்டா?”

“அது வேற. கறுப்பு எலிங்கள நான் வாலப் புடிச்சுத் தூக்குறதில்ல. கூண்டுல ஒரு அட்டைக் குழாய் வெச்சிடுவேன். அதுவே உள்ள ஏறிக்கும். அப்பிடியே தூக்கி மாத்திடுவேன்.”

“வெள்ளையும் அப்பிடித்தானே?”

“வெள்ள அடுக்கு மெர்ல் பாக்குறது. அவன் சட்டப்படி வாலப் புடிச்சுத்தான்.”

எல்வுட்டின் கோப்பை மேசையில் மெதுவாக இறங்கியது.

“எப்போலேர்ந்து?”

“மொத நாள்லேர்ந்து. அதுங்க நடுங்குறதப் பாக்க முடியல. ஆய்வே மாறிப்போகும்னு நேத்துதான் ஒறச்சுது.”

“பதினோரு மாசம், வெர்னா! மொத்தத்தையும் அந்தக் குழாயில சுருட்டிட்டியே!”

“வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்பு. தெரிஞ்சப்புறம் சொல்லாம இருந்தா சாமி கும்புட முடியாது.”

(அந்தக் குழாய்களை நானும் பார்த்திருந்தேன். அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘எனக்கும் தெரி…’ என்ற வரியை அன்று சொல்லாமல் இப்போதுதான் எழுதுகிறேன்.)

4

எல்வுட் கட்டுரையை அனுப்பவில்லை, வெர்னாவையும் அனுப்பவில்லை. ஆய்வை முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு வம்சத்திலும் பாதி எலிகளுக்கு வால், பாதிக்குக் குழாய். நானூறு குழாய்களை வெர்னா மூட்டுவலியில் வீங்கிய தன் விரல்களால் வெட்டிக் கொண்டுவந்தாள். அவர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

எண்கள் வந்த நாளில் நான்தான் வாசித்தேன். குழாயில் ஏறிய எலிகளுக்கு, கறுப்பானாலும் வெள்ளையானாலும், ஹார்மோன் இறங்கியிருந்தது. அப்போதும் வெள்ளை, கறுப்பைவிட மேலேதான் நின்றது. முன்பு சிதறிக் கிடந்த புள்ளிகள் இப்போது நெருங்கி நின்று அந்த வித்தியாசத்தைச் சந்தேகமின்றிக் காட்டின.

“எல்வுட், நிக்குது! உங்க முடிவு நிக்குது!”

மெர்ல் காலிக் கூண்டைத் தூக்கித் தாளம் போடப் போனான்.

“ஷ்ஷ்! எலிக்குக் கேக்கும்டா!” என்றாள் வெர்னா.

ஆகவே வளர்ந்த மனிதர்கள் நான்கு பேர், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் குதித்தோம். இந்தக் கதையை எழுத அந்த ஒரு காட்சியே போதும்.

ஹாட்டியிடம் போய், “நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். பொறப்பும் உண்டு, நம்ம கையும் உண்டு” என்றேன்.

“அப்ப கைய மாத்திக்கலாம்ல?” என்றாள்.

5

முடிவு அ: கட்டுரையின் நன்றி வரியில் வெர்னாவின் பெயர். (அது நடந்தது. ஆனால் முடிவு அதுவல்ல.)

முடிவு ஆ: தேவாலய விருந்தில் எல்லோர் முன்னாலும் எல்வுட் எழுந்து, ‘வெர்னா, நான் உன்னிடம்…’ (இல்லை. அவர் அப்படிப் பேசுகிறவரல்ல.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. எலிகள் கடித்துத் தீர்த்த குழாய்களுக்குப் பதிலாகப் புதிதாக நானூறு வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை வெர்னா கத்தரிக்கோலோடு வந்து சேமிப்பறையைத் திறந்தாள். நானூறும் வெட்டிப் பெட்டிகளில் இருந்தன. ஓரங்கள் கோணல்மாணலாக இருந்தன. பெட்டிகளைக் கட்டியிருந்தது, இறால் கூண்டு கட்டும் நீலக் கயிறு.

அவள் அந்த முடிச்சை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள்.

முந்தைய நாள் ஆராதனையில் எல்வுட்டின் இடம் காலியாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அன்று அவரைப் பார்க்க வேறு யாரும் இல்லை. கர்த்தர் பார்த்திருப்பார், அவரைக் கேட்டு எழுத எனக்குத் துணிவில்லை. அந்தக் காட்சியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலை மட்டும் மெதுவாகக் கீழே வையுங்கள். பக்கத்து அறையில் எலிகள் தூங்குகின்றன.