மணி அடித்தும் வராத பேச்சு

திங்கட்கிழமை சாயங்காலம் வருவதற்குள் செல்லக்கண்ணு பாதி ஆளாகிப் போனான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். "குறுக்கும் நெடுக்கும் நடந்து தரையைத் தேய்க்காதீங்க" என்று மனைவி பொன்னாயி எரிந்து விழுந்தாள். அவளுக்கும் கவலைதான். ஊர்க் கிணற்றில் அவர்கள் தெருவுக்கு வாளி போட உரிமை கிடையாது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு மைல் குடம் சுமப்பவள் அவள்.

அரியலூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில், தங்களுக்கென்று ஒரு கிணறு வெட்டத் தெருவே சேர்ந்து இறங்கியிருந்தது. இருபதடி போனதும் செல்லக்கண்ணுவின் கடப்பாரையில் ஒரு கல் மாட்டியது. வரிவரியாக, சுருண்டு படுத்த பாம்பு மாதிரி இருந்தது. போச்சு! தெருவுக்குப் பெரியவரான சித்தப்பா உத்திராபதி, "பூமியைத் தாங்குற நாகம்டா இது. தோண்டினா வமிசம் தங்காது" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒருத்தனும் இறங்கவில்லை.

செல்லக்கண்ணுவுக்கு ரேடியோ பைத்தியம். தினமும் வரும் பத்து நிமிஷப் பேச்சைப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்று கேட்பான். ஒரு நாள் சரித்திரம், ஒரு நாள் விஞ்ஞானம், ஒரு நாள் கவிதை. சோழனின் கப்பல்களையும் கேட்டான், சந்திரனில் காற்றில்லை என்பதையும் கேட்டான். இவ்வளவு தெரிந்தவர்களுக்கு இந்தக் கல்லைத் தெரியாதா? அமிர்தசாமி வாத்தியாரைப் பிடித்துக் கடிதம் எழுத வைத்தான். திங்கட்கிழமை பதில் என்று திருச்சி ரேடியோவில் அறிவித்தும் விட்டார்கள். உத்திராபதியும் ஒத்துக்கொண்டார். "நாகமில்லேன்னு அந்தப் பொட்டி எங்க காதுபடச் சொல்லட்டும், வெட்டுவோம். இல்லேன்னா செவ்வாக்கிழமை மண்ணடிச்சு மூடிடுவேன்."

திங்கட்கிழமை அந்தி மணி அடித்தது. அந்த ஊரில் கடிகாரம் யார் பார்த்தார்கள்? மூன்று வருஷமாக மாதா கோயில் மணி ஓய்ந்தால் பேச்சு வரும், அதுதான் கணக்கு. வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டு ரேடியோப் பெட்டியைத் திருகினார்.

நாதஸ்வரம் வந்தது. அது முடிந்ததும் தவில். 'இப்ப வந்துடும், இப்ப வந்துடும்' என்று செல்லக்கண்ணு விரலைக் கடித்தான். கால் மணி நேரம் போனதும், "பேட்டரி செத்துடும்ப்பா" என்று வாத்தியார் நிறுத்திவிட்டார். உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொட்டிக்கே வாய் வரலே, பாத்தியா? காலைல மண் வண்டி வரும்."

எல்லோரும் போய்விட்டார்கள். செல்லக்கண்ணு மட்டும் சுவரோரமே நின்றான்.

"சொன்னா சொன்னபடி வருமேய்யா! ஒரு நாளும் தப்பினதில்லையே!"

பெட்டியைப் பூட்டப் போன வாத்தியார் நெற்றியில் அறைந்துகொண்டார். "அடக் கடவுளே! பேப்பர்ல படிச்சேனே! யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வச்சிருந்தாங்க. நம்ம கோயில் மணி பழையபடியே அடிச்சுது. அதான் அவங்க ஏழு மணிப் பேச்சு நமக்கு ஆறுக்கு வந்துச்சு. யுத்தம் முடிஞ்சு, இன்னியிலேர்ந்து சர்க்காரும் பழைய நேரத்துக்கு வந்துட்டாங்க. பேச்சு இனிமேதான் வரும்!"

செல்லக்கண்ணு ஓடினான். வாசல் வாசலாகக் கத்தினான். உத்திராபதி சோற்றில் கை வைத்திருந்தார். "போடா கிறுக்குப் பயலே!"

"சித்தப்பா, வரலேன்னா மொத கூடை மண்ணை நானே கொட்டுறேன். எந்திரிங்க!" கிழவர் முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினார்.

தெரு மறுபடி கூடியது. பெட்டி கரகரத்தது. மெலிந்த குரலில் பேச்சு வந்தேவிட்டது.

"அரியலூர்ப் பக்கத்து நண்பர் கண்டது பாம்பல்ல. கடலில் வாழ்ந்து கல்லாகிப் போன, நத்தை போன்ற ஓட்டுயிர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது..."

செல்லக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அழுகையும் வந்தது. உத்திராபதி தாடையைச் சொறிந்தார்.

"சரி, நாகமில்லே. ஒத்துக்கிட்டேன். ஆனா கடலுங்கறானே? அப்ப கீழ இருக்கறது உப்புத் தண்ணிதானேடா?"

கடிதத்தில் இதைக் கேட்கவில்லையே! செல்லக்கண்ணு பெட்டியைப் பார்த்தான். அது நன்றி வணக்கம் சொல்லிவிட்டு ஓய்ந்துவிட்டது.

"இன்னொரு கடிதாசி போடுவமா?" என்றார் வாத்தியார்.

"வேணாங்கய்யா. வெட்டியே பாத்துடறேன்."

மறுநாள் தெருவே இறங்கி வெட்டியது. நான்காம் நாள், முப்பதடியில் அவன் கால் நனைந்தது. அந்த நான்கு இரவும் அவன் கண் மூடவில்லை. இப்போதோ தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. வாளியில் மேலே அனுப்பிவிட்டு அண்ணாந்து நின்றான்.

பொன்னாயி ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"சொல்லித் தொலையேன்டி! உப்பா?"

அவள் இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.