மூக்களவு

பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். சாரல் அடிக்கும் ஜன்னலோரக் கடைசி பெஞ்சுகளில் சிலர் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே மாரி. எப்போதும் முதல் மார்க், முதல் பெஞ்சு என்று இருக்கிறவள். உள்ளே நுழைந்த அனுசியா டீச்சர் வாசலிலேயே நின்றாள்.

முந்தின நாள் ஏகாதிபத்தியப் பாடம். வெள்ளைக்காரன் மண்டையையும் மூக்கையும் அளந்து, இவன் ஆளப் பிறந்தவன், இவன் அடங்கிக் கிடக்கப் பிறந்தவன் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் பிடித்தான் என்றாள். அந்தக் கூத்தைப் புரியவைக்க, ஒரு பையனிடம் டிவைடரை வாங்கித் தன் மூக்கையே அளந்து காட்டினாள். "இந்தக் கணக்குப்படி நான் அடிமைலே" என்றதும் வகுப்பே சிரித்தது. பாடம் ஏறிவிட்டது என்று அவளும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

"யாருலே இப்படி மாத்தி உக்கார வச்சது?"

வேல்ராஜ் எழுந்தான். மரியாதையான பையன், நோட்டு வாங்கினால்கூட இரண்டு கையாலும் வாங்குவான்.

"நீங்க காட்டுன மாதிரியே அளந்தோம் டீச்சர். சும்மா வெளையாட்டுக்குத்தான்."

கடைசி பெஞ்சுகளைப் பார்த்தாள். கூர்மூக்கு, சப்பை மூக்கு, கிளிமூக்கு எல்லாம் கலந்துதான் இருந்தன. மாரியின் மூக்கு வேல்ராஜின் மூக்கைவிட மெலிசு. அங்கே ஒன்றாக இருந்தது மூக்கு இல்லை, தெரு. அவர்கள் குடியிருக்கிற தெரு.

போன வருஷம் பையன்களின் மணிக்கட்டிலிருந்து சாதிக் கயிறுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டது அவள்தான். எது எந்த நிறம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டினாள். இனி யார் எவர் என்று தெரியாது என நம்பினாள். பாவி, நானே வழி சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

"எல்லாரும் பழைய எடத்துக்குப் போங்க. ஏட்டி மாரி, முன்னால வா."

யாரும் அசையவில்லை. மாரி தலை நிமிரவில்லை.

"இங்கனயே இருக்கேன் டீச்சர். சாயங்காலம் பஸ்ல வேல்ராஜ் கூடத்தான் போவணும்."

வேல்ராஜ் பணிவாகச் சிரித்தான்.

சாயங்காலம் அனுசியா பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே போனாள். அச்சன்புதூர் பஸ் வந்தது. வேல்ராஜ் முதல் ஆளாக ஏறி முன்படியில் நின்றுகொண்டான். ஏறுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டான். மாரி படியில் கால் வைத்தபோது அவன் ஒதுங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி பின்படியை நோக்கி நடந்தாள். அவள் தெருப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.