துவாய் விரிக்காத தரை

விடியுமுன் மழை விட்டிருந்தது. லூயிஷாம் பேஸ்பால் மைதானத்தை மூடிய தறப்பாள், இரவு பெய்த தண்ணீரையெல்லாம் சுமந்து கிடந்தது. விளிம்பைப் பிடித்து மைதான வேலையாட்கள் எல்லோரும் இழுத்தார்கள். மரினாவின் விரல்கள் விறைத்தன. ஓர் ஆள் குறைந்தாலும் பாரம் தோளில் தெரிந்துவிடும்.

குறைந்தவன் சுஜீத். போன வாரம், தறப்பாள் சுற்றும் இரும்பு உருளை சரிவில் ஓடி அவன் காலை நசுக்கியது. மைதான வேலைக்கு ஆள் வைக்கும் ஒப்பந்தக்காரர் தியாகராஜா ஆஸ்பத்திரிக்குப் போய், திராட்சைப் பழத்தைக் கையில் கொடுத்து, இனி வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

இன்று சாம்பியன் தொடரின் கடைசி ஆட்டம். களத்தில் வெள்ளைத் துவாய்த் துண்டுகள் விரிப்பதும் மரினாவின் வேலை. இந்த நகரத்தில் பேஸ்பால் தொழிலான புதிதில், முதல் தொடரிலேயே, கை முறிந்த பந்தெறிபவனை முதலாளிகள் துரத்தினார்கள். இரண்டு அணிகளும் சேற்றில் உட்கார்ந்தன. அவனைத் திரும்ப எடுக்கும்வரை ஒருவரும் எழவில்லை. அன்றோடு கழகங்கள் ஆட்டக்காரர் கைக்கு வந்தன. அதன் நினைவாக ஆண்டுதோறும் கடைசி ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடம் தரையில் உட்காருவார்கள். சீருடை அழுக்காகாமல் இருக்கத் துவாய்.

அரங்கம் நிறைந்தது. மரினா துவாய்க் கட்டைக் கீழே வைத்தாள். விரிக்கவில்லை. ஈரக் களிமண்ணில் உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ளை, கால் நோகுதே?" என்றார் செல்வரத்தினம். உருளையின் மறுமுனையைப் பிடிப்பவர்.

"சுஜீத்தின்ரை கால்தான் நோகுது, அண்ணை."

அவர் அவளையே பார்த்தார். பிறகு முழங்கால் நெட்டி முறிய உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

தியாகராஜா ஓடி வந்தார். பளபளத்த சப்பாத்து சேற்றில் புதைந்தது.

"மரினா, என்ன கூத்திது? சனம் பாக்குது, எழும்பும்!"

"பாக்கட்டும். உருளையைத் திருத்துங்கோ. கால் சுகமானதும் சுஜீத்தை எடுங்கோ. எழும்புறம்."

"அவன் கவனமில்லாமல் நிண்டவன்."

"பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொன்னனாங்கள். தொடர் முடியட்டும் எண்டனீங்கள்."

"நானும் அகதியாய் வந்து கோப்பை கழுவினவன்தான். எங்கடை ஆக்கள் எண்டுதானே வேலை தந்தனான்!"

"எங்கடை ஆக்கள் எண்டால் இதிலை இருங்கோ." செல்வரத்தினம் பக்கத்துச் சேற்றைத் தட்டினார். "உங்களுக்கெண்டால் துவாயும் விரிப்பம்."

சிரிப்பு எழுந்தது. தியாகராஜாவின் முகம் கறுத்தது.

"நாளைக்கே வேறை ஆக்களைக் கொண்டுவருவன்!"

"அவையளுக்கும் கால் இருக்கு," என்றாள் மரினா.

மணி அடித்தது. ஆட்டக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் லூயிஷாமின் பந்தெறிபவள் ஷெறோன், ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த தமிழ்ப் பெட்டை.

"வாட்ஸ் கோயிங் ஒன், அக்கா?"

"சுஜீத்தைத் தெரியுமே?"

"நான் நிண்டு எறியிற மேட்டைச் சரியாக்கிற அண்ணாவா?"

"உருளை காலிலை ஏறிட்டுது. வேலையாலையும் நிப்பாட்டிப்போட்டினம்."

ஷெறோன் துவாய்க் கட்டைப் பார்த்தாள். தியாகராஜாவைப் பார்த்தாள். கட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு மரினாவின் அருகே சேற்றில் உட்கார்ந்தாள். மற்ற ஆட்டக்காரர்களும் உட்கார்ந்தார்கள். சிலர் துவாயைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நிமிடம் முடிந்து மணி அடித்தது. துவாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சேற்றில் இருந்தவர்கள் எழவில்லை. ஷெறோன் பந்தை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்தவர்களில் ஒருவன் தயங்கினான். திரும்ப உட்கார்ந்தான்.

ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி மணி மறுபடியும் அடித்தது.

மரினா சேற்றில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.