பால்குடத்துக்கு இல்லாத தண்ணீர்

தோட்டத்துத் தன்னார்வ பொம்பா என்கிற தீயணைப்புப் படைக்கு லோகேஸ்வரி தலைவியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகா டவுனில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்காருகிறவள். தண்ணீர் பீய்ச்சும் ஓஸ் குழாயைக் கையால் தொட்டதில்லை. கூட்டம் நடத்தத் தெரியும், வாய் இருக்கிறது என்று தலைவியாக்கிவிட்டார்கள். அந்த வாய்தான் இப்போது வினையாகிவிட்டது.

திருவிழாவன்று பொம்பா லாரி டேங்கைத் திறந்து தார் ரோட்டை நனைத்துக்கொண்டே முன்னால் போகும்; பின்னால் வெறுங்காலோடு பால்குடங்கள் வரும். பல வருஷப் பழக்கம். இந்த வருஷம் வறட்சி. குழாயில் தண்ணீர் நூலாய் வருகிறது. டேங்க் காலியானால் மறுபடி நிரம்ப ஒரு பகல் போதாது. "லாரி வராது," என்று சொல்லிவிட்டாள்.

கோயில் தலைவர் திருநாவுக்கரசு அவளுடைய சொந்த அண்ணன். "எத்தன வருசமா ஊத்துறோம், எங்க தீ புடிச்சிச்சிம்மா? சாமி பாத்துக்கும்லா. ஒன் மவளும்தான் பால்குடம் எடுக்குறா, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. திருவிழாவன்று காலையில் மகள் ரதி முகம் கொடுத்துப் பேசாமலே கிளம்பிப் போயிருந்தாள்.

மதியம் லாரிக் கொட்டகையில் லோகேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போனாள், வந்தாள். துணைக்கு டிரைவர் தர்மேந்திரன் மட்டும் இருந்தான். உறுமிச் சத்தம் நெருங்கியது. கொதிக்கிற தாரில் பெண்கள் தத்தித் தத்தி நடந்தார்கள். ரதி உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. "நல்லா இருப்பியாடி நீ!" என்று யாரோ உள்ளே பார்த்துக் கத்தினார்கள்.

ஊர்வலம் கோயிலுக்குப் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காமல் பொழுது சாய்ந்துவிட்டால்? எந்த முகத்தோடு ரதியின் காலுக்கு மருந்து போடுவது? செம்பனை மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். பொட்டுப் புகையில்லாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. எரிச்சலாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கம் கறுப்பாகப் புகை எழுந்தது.

"வந்திருச்சி!" என்று கைதட்டிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. தர்மேந்திரன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு லாரியில் தாவி ஏறினான்.

ஊர்வலம் பார்க்கிற அவசரத்தில் பஞ்சாலை என்கிற லயத்துப் பெண் அடுப்பை அணைக்காமல் போயிருந்தாள். பலகை வீடு. கோயிலிலிருந்து படைக்காரர்கள் ஓடிவந்து ஓஸைப் பிடித்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் புருஷன் ராமசாமியைப் போர்வையோடு வெளியே தூக்கி வந்தார்கள். சமையற்கட்டு போனது, மற்றது தப்பியது. டேங்கில் கடைசிச் சொட்டுவரை தேவைப்பட்டது.

"என் தங்கச்சி சொன்னதுதான் சரி," என்று திருநாவுக்கரசு எல்லோர் முன்னாலும் சொன்னார். ரதி கொப்புளக் காலோடு நொண்டி நொண்டி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பஞ்சாலை அழுதபடி லோகேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைதாம்மா எங்க வூட்டுக்காரரக் காப்பாத்துச்சி."

லோகேஸ்வரி கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பஞ்சாலை விடவில்லை. ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்த தர்மேந்திரன் நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு குனிந்து ஓஸை இறுக்கிச் சுருட்டினான்.